மாதத்தில் ஒரு சனி ஞாயிறு

மயூரதி வங்கியில் வேலை செய்கிறாள்.
திங்கள் முதல் வெள்ளி வரை வீட்டுக்கடன்.
மாதத்தில் ஒரு சனி ஞாயிறு
விமானப்படை.

வசாவிளான் சந்தியில் சோடா குடித்தபடி
அவள் இதைச் சொன்னபோது
கடைக்காரர் மீதிக் காசு எண்ணுவதை நிறுத்தினார்.

"முழுநேரப் படை இல்லை அண்ணா, மாநிலத்தின்ரை.
ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒண்டு இருக்கு.
எங்கட பிரிவிலை ஒரு பல் டொக்டர்,
ரெண்டு வாத்திமார்,
பண்டிப் பண்ணை வைச்சிருக்கிற ஒருத்தன்.
அவன்தான் பைலட்."

ஆறு பெருகினால் ஆளுநர் கூப்பிடுவாராம்.
வெளியே போர் என்றால் ஜனாதிபதி கூப்பிடுவாராம்.
அதே விமானம், அதே ஆட்கள்,
கடிதத்தின் தலைப்பு மட்டும் மாறும் என்றாள்
வைப்புக் கணக்கின் வட்டியை விளக்கும் குரலில்.

எங்களுக்கும் ஒரு ஆளுநர் உண்டு.
விமானம் இல்லை.
நான் கச்சேரியில், அனர்த்தப் பிரிவு.
புயல் வந்த ஒரு கார்த்திகையில்
நெடுந்தீவுப் பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு
ஹெலி கேட்டு நான் அடித்த கடிதம்
மேலே போய், கொழும்புக்குப் போய்,
மூன்று மொழியில் ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது.
அதற்குள் அவள்
குறிகாட்டுவானுக்கு வந்த வள்ளத்தில் பெற்றுவிட்டாள்.
பெடியனுக்கு இப்போது ஒன்பது வயது.
நீந்தத் தெரியாது.

பின்னேரம் கம்பிவேலியோரம் நின்றோம்.
அந்தப் பக்கம்
அவளின் தகப்பன் வெங்காயம் நட்ட காணி.
விடுவிப்புப் பட்டியல் என் மேசைக்கு வருவதில்லை,
வேறொருவரின் மேசைக்கு.
இந்தப் பக்கம் ஒருவர்
நிமிராமல் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் சத்தம், மயிலிட்டிப் பக்கமாக.
அவள் தலையைச் சரித்தாள்.
நானும் சரித்தேன், அதே கோணத்தில்.
"ரெண்டு எஞ்சின். விசிறி வைச்சது.
இடது பக்கம் ஒரு சொட்டுப் பிந்துது."
சென்னை விமானம் என்றேன் நான்.

அவளுக்கு அதைப் படிப்பிக்க
மாதக்கணக்கில் பயிற்சியும் தடித்த கையேடும் இருந்தன.
எனக்கு
ஏழு வயதுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில்
தானாக வந்தது:
சகடை என்றால் உலையை இறக்கிவிட்டு ஓடலாம்.
சியாமாசெட்டி என்றால் குத்தும், உலையை விடு.
கிபிர் என்றால்
சத்தம் கேட்டிருந்தால் நீ இருக்கிறாய்.

ஒவ்வொரு சனி ஞாயிறுக்கும் அவளுக்குப் புள்ளி விழும்.
இருபது வருடம் சேர்ந்தால் பென்சன்.
பங்கருக்குள் இருந்த மணித்தியாலங்களை
நானும் ஒருக்கால் கூட்டிப் பார்த்தேன், விளையாட்டுக்கு.
தென்னங்குற்றியின் ஈரம், நுளம்பு,
பக்கத்தில் ஜெசிந்தா ரீச்சர்
வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே இருப்பார்.
பதினேழாம் வாய்ப்பாடு இன்றும் எனக்கு
விளக்கை அணைத்தால்தான் வரும்.

"வெளியிலை அனுப்பினவையே உன்னை?"

"ஒருக்கா. ஆறு மாசம்."

எந்த நாடென்று அவள் சொல்லவில்லை.
"நான் குண்டு ஏத்திறதில்லை அண்ணா.
சில்லுக்குக் காத்துப் பாக்கிறது,
எண்ணெய் பாக்கிறது, கையெழுத்து வைக்கிறது.
அது எழும்பினாப் பிறகு..."
போத்தல் மூடியை விரலில் உருட்டினாள்.
"ஒரு பனிக்காலம் மாடுகளுக்கு
மேலையிருந்து வைக்கோல் போட்டனாங்கள்.
அதையும் நினைச்சுக் கொள்ளுங்கோ."

நினைத்துக்கொள்கிறேன்.
வெள்ளை வெளி, மாடுகள், விழுகிற வைக்கோல்.
ஒன்றுகூட ஓடவில்லையாம்,
அண்ணாந்து நின்றனவாம்.

விமானம் தாழ்ந்தது.
அவள் சில்லுகளைப் பார்த்தாள்,
சரியாக இறங்குகின்றனவா என்று.
நான் வயிற்றைப் பார்த்தேன்,
திறக்கிறதா என்று.