மூன்றாவது பொட்டு

துர்க்கு, ஜனவரி.
பென்சிலால் கோடு போட்டேன்.
மையால் போட்டால்
அதுவும் கூடவே கிளம்பிவிடும்.

திருமதி ஹொங்கிஸ்தோவின் ஒருநாள் சிறுநீர்,
வடித்துச் சுண்டியதில் ஒரு துளி.
வேலை முடிந்த ஹார்மோன்களுக்குக்
கந்தகமோ சர்க்கரையோ கட்டிக்கொடுத்து
வழியனுப்பியிருக்கிறது கல்லீரல்.

கண்ணாடித் தொட்டியில் தொங்கிய காகிதத்தில்
இரவெல்லாம் பூட்டனால் இறங்கியது.
என் தலைமுடியிலும்தான்.
டிராமில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனார்.

காலையில் சாயம் ஏற்றிப் பார்த்தால்
சர்க்கரை சுமந்தவை
கோட்டருகே குந்தியிருக்கின்றன.
கந்தகத்தோடு போனவை ஒரு சாண் தள்ளி.
நடுவே,
யாரும் அழைக்காத வெளிறிய பொட்டு.

"அழுக்கு" என்றார் டாக்டர் ரந்தலா.
"கை கழுவினாயா, ஐலி?"

கழுவினேன். மறுபடி ஓட்டினேன்.
மூன்று இரவு.
அதே இடம். அதே வெளிறல்.
பெயர் தெரியாததற்குப் பென்சிலால் வட்டமிட்டு
ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்தேன்.

என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்க
வார்டுக்குப் போனேன்.
படுக்கை விரிப்பு மாற்றியிருந்தார்கள்.
நேற்றே போய்விட்டாளாம்,
பிள்ளையைச் சறுக்குவண்டியில் கிடத்தி,
உறைந்த ஆற்றின் மேலேயே.

பாட்டிலில்
இன்னும் அரை லிட்டர் இருக்கிறது.