பிசையுது

ஹட்டன் பேக்கரியில் எனக்கு ராத்திரி வேலை.
மெசின் பழுதாகி மார்கழியோடு எட்டு மாசம்.
பியசிறி முதலாளி என் இரண்டு கையையும் பார்த்து
"இது இருக்கே" என்றார்.
அவ்வளவுதான் ரிப்பேர்.

அழுத்தி, மடித்து, கால் வட்டம் திருப்பி,
மறுபடி அழுத்த வேண்டும்.
பிறகு கொஞ்சம் விட வேண்டும்.
விடத் தெரியாதவன் கையில் பாண் கல்லாகும்.

விடியக் கருக்கலில் லயத்துக்கு வந்தால்
அடுப்பு பற்றாமல் கிடக்கிறது.
தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
"வயித்தப் பிசையுது."
ஏழு மாசம்.

பசித்தாலும் பிசையும், பயந்தாலும் பிசையும்.
கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த அன்றும்
இதையேதான் சொன்னாள்.
எந்தப் பிசைவு என்று கேட்கவில்லை.
ஓட்டோவுக்கு ஓடினேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டொக்டர்.
எப்படி வலிக்கிறது என்று சிங்களத்தில் கேட்டார்.
எனக்குத் தெரிந்தது பேக்கரிச் சிங்களம்:
சீனி, சூடு, தட்டு, கடன்.
பிசைவதற்கு அங்கே 'அனனவா'.
"பட அனனவா, டொக்டர்."
நேர்ஸ் சிரித்துவிட்டார்.
வயிறு உட்கார்ந்து மாவு பிசைகிறதாம்.
டொக்டரும் பேனாவைக் கடித்துக்கொண்டார்.

அவளுடைய ஸ்வெட்டர் என் தோளில் கிடந்தது.
சுருட்டி மேசைமேல் வைத்தேன்.
தவமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் உதட்டைக் கடித்ததும்
அழுத்தினேன், மடித்தேன், திருப்பினேன், அழுத்தினேன்.
உதடு விட்டதும் விட்டேன்.

சும்மா நின்றோம், நாலு பேரும்.
தகரத்தில் மழை.
யாரோ வெளியே துண்டு நம்பர் கூப்பிட்டார்கள்.

மறுபடி கடித்தாள்.
மறுபடி பிசைந்தேன்.

மூன்றாம் தடவை டொக்டர்
ஸ்வெட்டரைப் பார்க்கவில்லை,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் பிசைந்ததை அல்ல,
விட்டதை அளந்தார்.
பிறகு எல்லாரும் ஓடினார்கள்.

நுவரெலியாவுக்கு ஆம்புலன்ஸ்.
அதில் எனக்கு இடமில்லை.
வளைவைப் பனி மூடிய பிறகும்
கையைப் பிசைந்துகொண்டு ரோட்டோரம் நின்றேன்.
மாவில்லாமல் பிசைவதற்கும்
தமிழில் இதே சொல்தான்.
சம்பளம் மட்டும் கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி.
பெண்.
துண்டில் எடை எழுதியிருந்தது:
ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராம்.
முதலாளிக்குப் போன் எடுத்தேன்.
கிராமில் சொல்ல வாய் வரவில்லை.
"மூன்று றாத்தல், முதலாளி,
மூன்று றாத்தல் பாண் அளவு."
அந்தப் பக்கம் சிரிப்பில்லை.
தராசுத் தட்டு ஒன்று
மெதுவாகக் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே கை விடலாம்,
முதலில் நன்றாகக் கழுவி வா என்றார்கள்.
கழுவினேன். காட்டினேன்.
இன்னொரு தடவை என்றார்கள்.
கழுவினேன்.
நகக்கண்ணில் நேற்றைய மாவு
காய்ந்து, வெள்ளையாய்,
போக மாட்டேன் என்கிறது.