சுவர் தடிமன்

ஐந்து ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடி.
டோக்கன் பதினேழு.
சட்டைப் பட்டனைக் கழற்றிப் படுங்க சார்,
இடப்பக்கம் திரும்பிச் சுவரைப் பாருங்க என்றாள்
ரெஹானா, பெயரைக் கோட்டில் குத்தியிருந்தாள்.
சுவரில் போன வருடக் காலண்டர்,
ஏற்காடு ஏரி, யாரும் ஏறாத படகு.

ஜெல் சில்லென்றது.
அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடம்
குழாய்களுக்குத் தடவியவன் நான்.
உருக்காலை, சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை,
கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்,
அறுக்காமல் பிரிக்காமல்
உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சமென்று
ஒலியை அனுப்பிக் கேட்டுச் சொல்கிற வேலை.

எந்தக் குழாயும் என்னிடம் கேட்டதில்லை,
எத்தனை மில்லிமீட்டர் என்று.
நான் கேட்டுவிட்டேன்.
டாக்டர் சொல்வார் சார்.

இன்ஜினியர் சொல்வார் சார்.
ரிப்போர்ட்டில் வரும் சார்.
எத்தனை முதலாளி முகங்களுக்கு நேராக
இந்தக் கதவைச் சாத்தியிருப்பேன்.
வெளிப்பக்கம் இப்படித்தான் இருக்குமா?

ஒலியைத் திறந்தாள்.
புஸ். புஸ். புஸ்.
பழைய பஸ் நிலையத்தில்
வண்டி நின்று காற்றை விடுவதுபோல.
என்னுடையதா இது,
ஐம்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாமல்
ஓடிக்கொண்டிருக்கும் வண்டி.
பரவாயில்லை, சீராகத்தான் இருக்கிறது
என்று நினைத்த நேரம்
தாடைக்குக் கீழே, கிளை பிரியும் இடத்தில்
குரல் உயர்ந்து கீச்சென்றது.
ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்த சத்தம்.

திரும்ப வைத்தாள்.
மறுபடியும் அங்கேயே.
ஒரே இடத்தை மூன்று முறை தொடுகிறவர்கள்
ஏன் தொடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கண்ணை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தேன்.
வெள்ளையாக ஒரு திட்டு,
அதன் பின்னால் நீளமாகக் கறுப்பு நிழல்.
சுண்ணாம்பு.
சேலத்துக்காரனுக்கா சொல்லித் தர வேண்டும்,
மாக்னசைட் மேட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு?
எங்கள் வீட்டு போர் தண்ணீர்
கெட்டில் அடியில் விடுவது இதே வெள்ளை.
மாதம் ஒருமுறை அமிர்தவல்லி
வினிகர் ஊற்றிச் சுரண்டுவாள், என்னைத் திட்டிக்கொண்டே.

என் குழாய்களுக்குச் சுவர் மெலிந்தால் ஆபத்து.
இதற்குத் தடித்தால்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
அவளும் இரண்டு சிலுவைக்குறி வைத்து
நடுவே புள்ளிக்கோடு இழுக்கிறாள்.

போன தை மாதம். ஆத்தூர் தாண்டி ஒரு ஆலை.
கொதிகலனில் பதினோராவது குழாய், வளைவை ஒட்டி.
இருக்க வேண்டியது மூன்று புள்ளி இரண்டு.
கருவி காட்டியது இரண்டு புள்ளி ஒன்பது.
துடைத்துவிட்டு வைத்தாலும் இரண்டு புள்ளி ஒன்பது.
செங்கோட்டுவேல் டீ வாங்கி வந்தார்.
கிழங்கு குவிஞ்சு கெடக்குதுங்க,
இப்ப நிறுத்துனா மொத்தமும் அழுகிப் போயிரும்.
மூன்று புள்ளி இரண்டு என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

ரெஹானா தட்டச்சு செய்கிறாள்.
உள்ளதை உள்ளபடி எழுதும்மா
என்று சொல்ல வாய் வந்தது.
அவளைப் பார்த்தால் சொல்லத் தேவையில்லை போலிருந்தது.
அதுதான் சங்கடம்.

காகிதம் தந்தாள், துடைத்துக்கொள்ள.
எவ்வளவு துடைத்தும் காலர் பிசுபிசுத்தது.
அரை மணி நேரத்தில் ரிப்போர்ட்.
வலப்பக்கம், ஐம்பத்தேழு சதவீத அடைப்பு.
ஐம்பது என்று எழுதியிருக்கலாம்,
நானும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.
டாக்டர் நாளை காலை பத்துக்கு.

கீழே தட்டுவடை செட் வண்டியில் கூட்டம்.
ரத்தம் கொடுத்த வெறும் வயிறு,
ஆனாலும் கை பைக்குள் போய்
போனைத்தான் எடுத்தது.
நான்காவது மணியில் எடுத்தார் செங்கோட்டுவேல்.
சொல்லுங்க சார், ரொம்ப நாளாச்சு.
அவருக்குப் பின்னால் கொதிகலன் இரைகிறது.
அந்த இரைச்சலுக்குள் எங்காவது கீச்சென்கிறதா என்று
கொஞ்ச நேரம் பேசாமல்
காதை அழுத்தி வைத்துக் கேட்டேன்.

அலோ, சார், லைன்ல இருக்கீங்களா?

இருக்கேன் என்றேன்.
பதினோராவது குழாய்.