வைக்கோல் சக்கரம்

பந்தயம் கிடையாது என்று
முதல் வாரமே பேசி வைத்துவிட்டோம்.
முந்துகிறவர் டீக்குக் காசு கொடுக்கணும்.
அதனால் ஐந்து பேரும்
கீழக்குயில்குடி விலக்கிலிருந்தே
கல்யாணப் பந்தி வாசலில் நிற்பவர்கள்போல
"நீங்க போங்க", "அட நீங்க போங்க" என்று
தயங்கித் தயங்கித்தான் உருண்டோம்.

தை கடைசி. ஞாயிறு. ஐந்தே முக்கால்.
சமணமலை இன்னும் எழுந்திருக்கவில்லை.
போர்வைக்குள் மடக்கிய முழங்கால் மட்டும் தெரிந்தது.
தாமரைக் குளம் தாண்டித் தார் முடிகிற இடத்தில்
ஒச்சப்பன் எப்போதும் ஒருதரம் மணியடிப்பான்.
ஆளில்லாத பாதைக்கும்
வருவதைச் சொல்லிவிட்டு வரணுமாம்.

அப்புறம் வண்டித்தடம்.
இரண்டு பள்ளம், நடுவில் ஒரு புல் முதுகு.
பள்ளத்தில் போனால் மணல் காலைப் பிடிக்கும்,
முதுகில் போனால் நெருஞ்சி.
கோவர்த்தனன் சைக்கிளுக்கு இருபத்தோரு கியர்.
அவன் போடத் தெரிந்தது மூன்று.
மீதிப் பதினெட்டும்
வீட்டில் சொல்லாத விலையில் அடக்கம்.
அஜ்மல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே மிதிப்பான்.
அவன் பேச்சு நின்றால்
கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்,
மேடு வந்துவிட்டது.

கண்மாய்க் கரையில் ஏறினோம்.
இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் அறுத்த தாள்.
நடுவில் கரையின் அகலத்துக்கு
ஒரு மயில்,
சுங்கச்சாவடிக்காரனைப் போல.
நின்றோம். அது முடித்துக்கொண்டு போகும்வரை
அஜ்மல்கூடப் பேசவில்லை.

வடிவேல்கரைக்கு முன்னால் அந்தச் சத்தம்.
உஸ்ஸ்.
பாம்பு என்று கோவர்த்தனன்
இரண்டு காலையும் ஹேண்டில்பார் மேல் போட்டான்.
பாம்பில்லை. என் பின்சக்கரம்.
டியூபை உருவிக் கண்மாயில் முக்கினால்
இங்கிட்டு ஒரு குமிழி, அங்கிட்டு ஒரு குமிழி,
எண்ண எண்ண ஏழு.
சீமைக்கருவேலம் ஒரு முள்ளோடு விடுமா?
கையில் இருந்த ஒட்டு இரண்டு.
பசை டப்பாவைப் பிதுக்கினால்
காய்ந்த மிளகு மாதிரி ஒன்று விழுந்தது.

"அடைச்சிரலாம்" என்றாள் ஃபிலோமினா.
பெரியாஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்து
தூங்காமல் வந்தவள்.
களத்தோரம் ஒரு குட்டியானையில்
வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்
எப்படிக் கேட்டாளோ, கைகொள்ளாமல் அள்ளி வந்தாள்.
ஆழமான புண்ணுக்குத் துணி திணிப்பதுபோல
விரல் நுனியால் இறுக்கி இறுக்கி
டயர் முழுக்கத் திணித்தாள்.
வண்டியின் மேலிருந்து அந்தப் பெண் கத்தினாள்:
"ஏத்தா, தண்ணியும் காட்டிட்டுப் போங்க!"

கன்று செத்த பசுவுக்கு முன்னால்
தோலுக்குள் வைக்கோல் அடைத்து நிறுத்துவார்களே,
அப்படி ஒரு பொய்ச்சக்கரம்.
சைக்கிள் நம்பிவிட்டது.
சரக், சரக், சரக்.
மாடொன்று அசைபோட்டபடி
என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது.
மலைக்கு இப்போது முகம் இருந்தது.
என் வேகத்துக்கு அவர்களும் குறைத்தார்கள்,
நடக்கிற நாய் ஒன்று
எங்களை ஒதுங்கிக் கடந்து போனது.

தார் வந்ததும் ஒச்சப்பன் மணியடித்தான்.
டீக்கடைக்கு இருபது அடி இருக்கையில்
நாலு பேரும் ஒன்றாய்ப் பிரேக் பிடித்தார்கள்.
எனக்குப் புரியவில்லை.
வைக்கோல் சக்கரத்துக்கு
நிறுத்தினால் மறுபடி கிளம்ப வராது என்ற பயத்தில்
நான் மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.
"முந்துனது நீதான்."
ஐந்து டீ, எட்டு உளுந்தவடை,
அஜ்மலுக்கு இன்னொரு டீ.

சில்லறைக்குக் காத்து நின்றபோது திரும்பிப் பார்த்தேன்.
எங்கிருந்தோ வந்த வெள்ளாடு ஒன்று
டயர் விளிம்பில் பிதுங்கியதை
இழுத்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது.
புளியமரத்தில் சாய்ந்து
ஆடாமல் அசையாமல்
நின்றுகொடுத்தது சைக்கிள்.