அறுபத்து மூன்று சதவீதம்

வெளியே மைனஸ் பதினெட்டு.
உள்ளே மூன்று பேர்,
இடுப்பில் துண்டோடு,
சூடேறாத சானாவில்.

அடுப்பு அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது.

தார்த்து நகரத்திலேயே
இதை முதலில் வாங்கியது தான்தான் என்று
போன வாரம்வரை பீற்றிக்கொண்ட ராய்வோ
இப்போது பல் கிடுகிடுக்க வேறெல்லாம் பேசுகிறான்:
மடிக்கிற போன் வாங்குகிறவன்
பர்ஸை இரண்டு முறை திறக்கிறவன்.
இயர்போன் துளையை அடைத்தவனுக்கு
நரகத்தில் ஒயர் சிக்கெடுக்கும் வேலை.
படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ அழுத்துகிற ஆள்
கல்யாணத்தில் அதையே சொன்னால் யார் நம்புவது?
கட்டைவிரல் இமோஜி பதிலே இல்லை,
கதவைச் சாத்துவது.

“அடுப்புக்கு எதற்குடா வைஃபை?”
இது உர்மஸ்.

காதில் விழாத மாதிரி
ராய்வோ போனைத் துடைத்தான்.
(சூடில்லாததால் அதுவும் உள்ளே வந்துவிட்டது.)
அறுபத்து மூன்று.
அரைமணி முன்பும் அதே அறுபத்து மூன்று.

உர்மஸ் எழுந்து, பழக்கதோஷம்,
கல்லின்மேல் ஒரு கரண்டி நீர் ஊற்றினான்.
சீறவில்லை.
ஒழுகி, பலகை இடுக்கில் இறங்கி
என் பாதத்துக்கு வந்தது.

“அடுத்த வெர்ஷனில் சரியாகிவிடும்”
என்றபடி ராய்வோ கம்பளிக் கோட்டை எடுத்தான்.
குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குமாம்.
போனுக்குப் போர்த்தினான்.