ஆமா

ஞாயிற்றுக்கிழமை.
செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஷெட்டைத் திறந்து
உன் யெஸ்டியை ஏழு தடவை உதைத்தேன்.
எட்டாவதற்கு இருமியது.
உதைக்கிற கம்பியே கியருமாகிற வண்டி.
கிளப்பியதும் அதை மடக்க மறந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு.
கோலாப்பூரில் நீ மறந்தாய்.
விற்றவர் மராத்தியில் ஏதோ சொன்னார்,
பணத்தை எண்ணுவதை நிறுத்தாமல்.

போகும்போது ரயில்.
வரும்போது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
சொச்சம் எவ்வளவென்று தெரியாது.
ஹூப்ளிக்கு முன்னாலேயே மீட்டர் கேபிள் அறுந்து
முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது.
வண்டியின் கணக்குப்படி
அதற்குப் பிறகு நாம் எங்கும் போகவில்லை, சேவுகா.

யாராவது கேட்டால் இடங்களைச் சொல்கிறேன்:
துங்கபத்திரா பாலம், சித்ரதுர்கா காற்றாலைகள்,
தொப்பூர் இறக்கத்தில் கருகிய பிரேக் வாசனை.
உண்மையில் நான் பார்த்தது உன் முதுகு.
சாம்பல் கட்டம் போட்ட சட்டை,
காலரில் பிரிந்த நூல்,
வலது தோளில் யாரோ மெக்கானிக்கின் மூன்று விரல்.
ஒரே பக்கத்தை நான்கு நாள் படித்தவன் நான்.
எனக்கும் ஓட்டத் தெரியும்.
"நாளைக்குத் தர்றேன்" என்றாய்,
நாலு நாளும்.

காற்றாலைகளுக்குக் கீழேதான் அதைச் சொன்னாய்.
தலையைப் பாதி திருப்பி,
வெங்காய லாரி ஒன்று நம்மைத் தாண்டும்போது.
என்னிடம் வந்து சேர்ந்தது
"...லாம்னு இருக்கேன், என்ன சொல்றே?"
முன்பாதியைக் காற்று எடுத்துக்கொண்டது.
காலையிலிருந்தே "என்னது, என்னது" என்று கேட்டுக் கேட்டு
இன்னொரு முறை கேட்கக் கூச்சம்.
"ஆமா!" என்று கத்தினேன்.
உன் தோள் இறங்கியது.
பள்ளம் வருகிறது என்று நினைத்து
இறுகப் பிடித்துக்கொண்டேன்.

லேணா விலக்கில் இரவு இரண்டு மணி.
ஊருக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.
நீ மூன்று டீ குடித்தாய்.
ஆயில் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் துப்பினாய்.
பைபாஸை விட்டுக் கானாடுகாத்தானுக்குள் திருப்பினாய்,
ஏன் என்று நானும் கேட்கவில்லை.
பூட்டிய வீடுகளின் நீளச் சுவரில் மோதி
நம் சத்தம் திரும்பி வந்தது,
பின்னால் இன்னொரு யெஸ்டி வருகிற மாதிரி.
நாய் ஒன்று இரண்டையும் பார்த்துக் குரைத்தது.
பள்ளத்தூரில் வேகத்தைக் குறைத்தாய்.
கோட்டையூரில் இன்னும் குறைத்தாய்.

மூன்றே வாரம்.
காரைக்குடி ஸ்டேஷனில், ரயில் நகரும்போது
சாவியை என் சட்டைப் பையில் போட்டாய்.
"நீ அன்னிக்கு ஆமான்னதாலதான்டா."
அதற்கும் தலையாட்டினேன்.

எதற்கு ஆமா சொன்னேன்?
பேங்க் வேலையை விட்டதற்கா, மஸ்கட்டுக்கா,
அமலியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கா?
இரண்டு வருடம் கழித்து அவள் ரஸ்தாவில் என்னைப் பார்த்து
நலம் விசாரித்தாள், வண்டியைப் பார்க்காமல்.
ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை.
கேட்டால்
அன்று கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

கேபிள் திருச்சியில் கிடைக்குமாம்.
வாங்கி வரட்டுமா என்கிறார் அந்தோணி.
அடுத்த மாசம் பார்க்கலாம் என்கிறேன், ஒவ்வொரு மாசமும்.

இன்று லேணா விலக்குவரை போனேன்.
டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை.
பங்களா பார்க்க வந்த வேன் ஒன்று
நீலப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தது.
பையில் போன் நடுங்கியது.
நீதான். நாற்பது நொடி, குரல்.
கடற்கரையில் நின்று பேசியிருக்கிறாய் போல.
முக்கால்வாசி காற்று.
அதற்குள் எங்கோ
"...லாம்னு இருக்கேன்".

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
அணைத்தால் மறுபடி எட்டு உதை.

அணைத்தேன்.