சாவடியில் மூன்று குழித் தட்டு

அறுபத்தைந்து, ஐப்பசி.
நகரி போகும் சாலையில்
குறுக்கே மூங்கில் கிடக்கும் சாவடி.
இந்தப் பக்கத்து அரிசி எங்கள் அரிசி,
அந்தப் பக்கத்து அரிசி அவர்கள் அரிசி.
நடுவில் நான், ஒரு தராசு, ஒரு பதிவேடு,
தெலுங்கில் கொட்டாவி விடும்
காவலர் சுப்பராம நாயுடு.

மழை விட்ட மாலை ஒரு ஜீப் வந்து நின்றது.
தொழுநோய் ஆஸ்பத்திரி மார்த்தா அம்மாள்
தானே ஓட்டி வந்திருந்தாள்.
பின்சீட்டில் அட்டைப்பெட்டி.
"நெப்ராஸ்காவிலிருந்து என் தங்கை" என்றாள்,
தங்கையே உள்ளே படுத்திருப்பதுபோல.

திறந்தேன். விதி அப்படி.
அலுமினியத் தட்டுகள் ஆறு,
தின்று கழுவிக் காயவைத்து அனுப்பியவை.
ஒவ்வொன்றிலும் மூன்று குழி.
பெரியதில் வான்கோழி,
சின்னதில் பட்டாணி,
இதில் கிழங்கு மசியல் என்று
விரலால் காட்டினாள்,
காலி வீட்டில் அறைகளைக் காட்டுவதுபோல.

கடையிலேயே ஐஸாக உறைந்து கிடக்குமாம்.
அடுப்புக்குள் இருபத்தைந்து நிமிடம்.
அப்புறம் ஆளுக்கொன்று மடியில் வைத்து
டெலிவிஷனைப் பார்த்தபடி தின்பார்களாம்,
யாரும் யாருக்கும் பரிமாறாமல்.
டெலிவிஷன் எப்படியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.
"குழம்பு பட்டாணிக்குள் ஓடாதா?" என்றுதான் கேட்டேன்.
"ஓடாது. அதற்குத்தான் வரப்பு."
வரப்பு என்ற சொல் எங்கே கிடைத்ததோ அவளுக்கு.
நாயுடு சிரித்தார்:
"ரசம் ஊத்திப் பாக்கச் சொல்லு."

பெட்டியின் அடியில் ஒரு டப்பா.
வெள்ளைத் துகள். முகர்ந்தேன், வாசனை இல்லை.
உருளைக்கிழங்கு என்றாள்,
வெந்நீர் பட்டால் எழுந்து உட்காருமாம்.
பதிவேட்டில் நெல், அரிசி, நொய், தவிடு,
நான்கே கட்டம்.
கிழங்கைப் பற்றிச் சுற்றறிக்கை ஏதும் இல்லை.
'இதர' என்று ஓரத்தில் எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து
புத்தூர்ப் பக்கமிருந்து முனெம்மா வந்தாள்.
எட்டு மாத நடை.
போன மாதமும் எட்டு மாதம்தான்.
நாயுடு மரத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்திருப்பேன்,
வெள்ளைக்காரி முன்னால்
அரசாங்கம் தூங்க முடியுமா?

அவிழ்த்தாள்.
முறத்தில் சரிந்தது நாலு படி,
குண்டரிசி,
உடம்புச் சூடு ஆறாமல்.

மார்த்தா அம்மாள் எதுவும் பேசவில்லை.
வெந்நீர் கிடைக்குமா என்றாள்.
டீக்கடைக்கு ஓடினார் நாயுடு.
ஒரு தட்டில் துகளைக் கொட்டி, ஊற்றி,
பேனாக்கத்தியால் மூன்று கிளறல்.
முனெம்மாவிடம் நீட்டினாள்.

அவள் விரலால் தொட்டு நக்கினாள்.
எங்கள் மூன்று முகத்தையும் பார்த்தாள்.
"யார் சமைச்சது?" என்று தெலுங்கில் கேட்டாள்.
தங்கை இல்லை. மார்த்தா இல்லை.
டீக்கடைக்காரன் தண்ணீர் சுடவைத்தான், அவ்வளவுதான்.
நாயுடு மீசையைத் தடவினார்.
"உப்பில்லை" என்று தட்டை வைத்துவிட்டுப் போனாள்,
வயிறு இறங்கி, முதுகு நிமிர்ந்து.

ஜீப் போனபின் மேசையில் இரண்டு தட்டுகள்.
மறந்தாளா, விட்டுப்போனாளா தெரியாது.
ஒன்றின் சின்னக் குழிகளில்
முத்திரை மையும் குண்டூசியும் போட்டேன்.
வான்கோழியின் இடத்தில்
கைப்பிடி மாதிரி அரிசி,
சீட்டு எண் நூற்றுப் பதினேழு.
இன்னொன்றில் ஆறிப்போன மசியல்.
எட்டு மணிக்குப் பசித்தது.
மாங்காய் ஊறுகாயோடு
ஆளுக்கொரு குழியாகத் தின்றோம்.
மூன்றாவதை யாரும் தொடவில்லை.

அடுத்த புதன்கிழமை
முனெம்மா வந்தாள். எட்டு மாதம்.
நான் தராசைத் தேடுவதற்குள்
முந்தானை முடிச்சை அவிழ்த்து
பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தாள்.
"அந்தக் கிழங்குக்கு" என்றாள்.

கல் உப்பு.
காகிதம் நனைந்திருந்தது.